அப்பா அமுக்கிய ‘மொத்தம்’

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவனால் யாருக்கும் ஆபத்தில்லை. கற்றுக்கொண்ட கையோடு அதைச் சம்பளம் வாங்கும் இடத்தில் போட்டுப் பார்க்கிறவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தகுதிகாண் பருவத்தில், நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன்.

பிரஸ் மெஷின் ஒரு தடவை இறங்கினால் ஒரு தகடு விழும். விழுவதை எண்ணித் திரையில் காட்ட ஒரு புரோகிராம் வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் ஓடும். நான் ஒரு சோம்பேறி மொழியில் எழுதினேன். (திட்டவில்லை. அந்த வகை மொழிகளுக்குப் பெயரே அதுதான்.) விடையை யாராவது கேட்கும்வரை அது கணக்குப் போடாது. இதைவிட நாகரிகமான கொள்கை உலகத்தில் இல்லை என்று அப்போது நம்பினேன்.

திரையில் ‘இன்று’ என்று ஓர் எண். அது எப்போதும் தெரியும். இன்னொன்று ‘மொத்தம்’. புது லைன் ஓட ஆரம்பித்ததிலிருந்து விழுந்த எல்லாத் தகடுகளும் அதில் சேரும். ஆனால் ஆயுத பூஜை அன்றுதான் அதைக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் மஞ்சுநாத் சார் சொல்லிவிட்டார். அன்று எல்லோருடைய குடும்பங்களையும் உள்ளே விடுவார்கள். மெஷினுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, கடைசியில் உற்பத்தியை அறிவிப்பது வழக்கம்.

“மெமரி பத்துமா?” என்று சார் கேட்டார். அவர் தமிழில் பேசி, கன்னடத்தில் கோபப்படுகிறவர்.

“மொத்தம்ங்கறது ஒரே ஒரு எண் சார். ஒரு எண்ணுக்கு எவ்வளவு எடம் வேணும்?” என்றேன். பரிதாபப்பட்டுச் சிரித்தேன் என்று கூட ஞாபகம்.

யுபிஎஸ் இருந்ததால் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை. போகப்போக அது திணற ஆரம்பித்தது.

“இன்னா தம்பி, உன் பொட்டி மூச்சு வாங்குது?” என்றார் பிரஸ் ஓட்டும் செல்வம் அண்ணன்.

“டேட்டா ஜாஸ்திண்ணே” என்றேன். கூடுதல் மெமரி கேட்டு வாங்கிப் போட்டேன். தீனி போதாததால் மாடு இளைக்கிறது என்று நினைத்தேன். வயிறு உப்புசம் என்று தோன்றவில்லை.

பூஜைக்கு ஊத்தங்கரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனவன் நான்தான். அப்பா போனது அதற்கு மதில் கட்ட. பூஜை முடிந்ததும் என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். அம்மா மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மெஷினைவிட அதை நன்றாகக் கும்பிட்டார்.

சார் மைக்கில், “இந்த மொத்தத்த நம்ம பையனோட அப்பாவே அமுக்கிக் காட்டட்டும்” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஈரப் பூச்சைத் தொட்டுப் பார்ப்பது போல ஒரே விரலால் அதற்கான பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை. பிறகு ‘இன்று’ நின்றது. பிறகு மவுஸ் நின்றது. பிறகு திரையே கறுப்பாகிவிட்டது.

அப்பா தன் விரலைப் பார்த்தார்.

“டேய், நான் லேசாத்தான்டா அமுக்குனேன்.”

“குங்குமம் உள்ள பூந்துடுச்சா?” என்றார் அம்மா.

“ஏனாய்த்து?” என்றார் சார். கன்னடத்துக்கு வந்துவிட்டார்.

எனக்கு அந்த இடத்திலேயே, மைக் பக்கத்திலேயே, காரணம் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மெதுவாகப் புரிகிற மூளை இருந்திருக்கலாம்.

“அப்பா மேல தப்பில்ல சார். இது இத்தன மாசமா கூட்டவே இல்ல. ஒவ்வொரு தகடு விழும்போதும், ‘அப்பறம் ஒண்ணு கூட்டணும்’னு ஞாபகம் மட்டும் வெச்சுக்கிட்டு வந்திருக்கு. அந்த ஞாபகமே மெமரி முழுக்க அடைச்சுக்கிச்சு. இப்பக் கேட்டதும் எல்லாத்தையும் ஒரே மூச்சுல கூட்டப் பாத்து…”

“‘இன்று’ மட்டும் எப்படி ஒழுங்கா வந்துச்சு?”

“அத நொடிக்கு நொடி திரை கேட்டுக்கிட்டே இருக்கு சார். மொத்தத்த யாரும் கேக்கல.”

“ஒரே ஒரு எண்ணுன்னு சொன்னியே?”

“எண்ணுதான் சார். ஆனா அது இன்னும் எண் ஆகல.”

செல்வம் அண்ணன் பொரியை மென்றபடி, “நம்ம வீட்டுக்குக் கூட அப்பறமா வர்றேன்னான் ஒரு பிளம்பர். இன்னும் வரல” என்றார். கூட்டம் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. விரலை மடக்கிக்கொண்டு நின்றார்.

தினசரி எண்கள் தனியாகப் பதிவாகியிருந்ததால் மொத்தம் தொலையவில்லை. மறுநாள் கூட்டிக் கொடுத்தேன். யாரும் கைதட்டவில்லை. புரோகிராமில் சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆச்சரியக்குறி. அதை வைத்தால், ‘அப்பறம் இல்லை, இப்போதே கூட்டு’ என்று அர்த்தம். (நாங்கள் பள்ளியில் அதை வியப்புக்குப் போட்டோம்.)

என் நிரந்தரம் பற்றிக் கேட்கப் போனேன். சார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஆர்டர் போடணும்னு ஞாபகம் வெச்சிருக்கேன்ப்பா. தேவைப்படறப்ப போடுவேன்.”

பொங்கல் தாண்டித்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அதுவரை அப்பா ஊரில் எல்லோரிடமும், தன் கை பட்டதால்தான் தள்ளிப்போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்டர் வந்த பிறகே, தப்பு தன் விரலில் இல்லை, பையனிடம்தான் என்று முழுசாக நம்பினார். நம்பியதிலிருந்து என்னை விடுவதில்லை.

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபம். லிஃப்டில் பெண் வீட்டாரும் நாங்களுமாக நெருக்கிக்கொண்டு நின்றோம். பொத்தான் அப்பா பக்கம் இருந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்டா, அமுக்குனா இது போவுமா? இல்ல, போவணும்னு ஞாபகம் வெச்சுக்கினு நிக்குமா?”

யார் என்றே தெரியாத பெண் வீட்டார் கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கும் யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள்.