முதலைக்கு வாய் வைத்த இடம்

பிரேக் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த ஜென்மத்தில் எந்தப் பல் டாக்டர் முன்னாலும் வாயைத் திறப்பதில்லை.

மற்றவர்கள் முன்னால் திறப்பதில் அவருக்கு ஆட்சேபணையே கிடையாது. திறந்தால் மூடமாட்டார் என்பதுதான் தெருவில் புகார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களிடம், பயம் மனசில்தான் இருக்கிறது, ரோட்டில் இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரை ஓட்ட வைத்துவிட்டார். பக்கத்து இருக்கையில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டில் டிவி பார்க்கும்போது யாராவது வேகமாக ஓடினால்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும். அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அப்பேர்ப்பட்ட தைரியசாலிக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்கவேண்டிய பல்லே வலிக்கிறது. ஒரு பக்கமாக மென்று, ஒரு பக்கமாகக் குடித்து, கோபம் வந்தால் திட்டுவதையும் ஒரு பக்கமாகவே திட்டிக்கொண்டிருந்தார். தானாக வந்தது தானாகப் போகும் என்பது அவருடைய வைத்தியம். பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாரே, அதற்கும் அதே வைத்தியம்தான். கண்ணாடி போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர் மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். வாயில் எப்போதும் குண்டூசி இருப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் குண்டூசியை எடுத்துவிட்டு அவள் ஒன்றைச் சொன்னால் அது நடந்துவிடும். நடந்து முடிந்த பிறகுதான், அடடா, முன்னாடியே சொன்னாளே என்று இவருக்கு ஞாபகம் வரும்.

இந்தப் பல் விஷயத்திலும் அவள் முதலில் நேர்வழியில்தான் போனாள். சனிக்கிழமை காலை பல் டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினாள். இவருக்கு அன்றைக்கென்று ஒரு மாணவனின் லைசென்ஸ் டெஸ்ட் வந்தது. அடுத்த சனிக்கிழமைக்கு வாங்கினாள். காரின் கிளட்ச் சரியில்லாமல் போனது. அதற்கும் அடுத்த வாரம், சௌக்கியமாக இருந்த பெரியப்பாவை இவர் வாயாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்று சாயங்காலம் அந்தப் பெரியப்பாவே போன் பண்ணி, வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் பல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூளையுள்ள புருஷனாக இருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பான். இவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் கூடம் முழுக்கப் பச்சைத் துணி. பச்சை நூல், பச்சைத் துண்டு, நடக்கிற இடமெல்லாம் பச்சை. என்ன இது என்று கேட்டதற்கு நூலகத்து வேலை என்றாள். திரைச்சீலையாக இருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு பேப்பரை எட்டப் பிடித்தார். அவள் குண்டூசியை எடுத்தாள்.

"நூலகத்துல சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முதலை வேஷம் போட ஆள் தேடறாங்களாம்."

"முதலையா? எதுக்கு?"

"பசங்க எடுத்துட்டுப் போற புத்தகம் திரும்பி வரமாட்டேங்குது. முதலை வாயில போடலாம்னா ஆசையா கொண்டு வருவாங்கன்னு ஒரு யோசனை. வாயில போட்டா வயித்துல இருக்கிற பையில விழுந்துடும்."

"ஆள் கிடைச்சுதா?"

"எங்க? காலையில நின்னா மத்தியானம் வரைக்கும் நிக்கணும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா உள்ள மனுஷன் இருக்கான்னு பசங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். உங்களுக்கெல்லாம் அது ஆகாதுங்க. நான் வேற யாரையாவது கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

காலை முதல் மத்தியானம் வரை என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. டாக்டரம்மா சனிக்கிழமைகளில் இருப்பதே அந்த நேரம்தான். உப்பின கன்னமும் வெளியே தெரியாது. புண்ணியமான காரியம் என்பதால் வீட்டிலும் குறை சொல்ல முடியாது. ஒரே கல்லில் மாந்தோப்பே விழுந்ததுபோல் இருந்தது அவருக்கு.

"ஏன் ஆகாது? சமூக சேவைன்னு ஒண்ணு இருக்குடி. நான் போறேன்."

"வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க."

"போறேன்னா போறேன்."

முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே ஆளாகிவிட்டது. அவள் பெருமூச்சு விட்டுவிட்டுக் குண்டூசியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

நூலகத்து அம்மாள் அவருக்கு உடுப்பை மாட்டிவிட்டார். தோள், இடுப்பு, கால் எல்லாம் கச்சிதம். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று இவர் பூரித்துப்போனார். அந்த அம்மாளுக்கு ஏனோ அப்போது இருமல் வந்தது. ஜிப் பின்கழுத்திலிருந்து வால்வரைக்கும் முதுகுப் பக்கமாக ஓடியது. இன்னொருவர் இழுத்தால்தான் மூடும், இன்னொருவர் இழுத்தால்தான் திறக்கும். முதலையின் கண்கள் உச்சந்தலையில் சும்மா பொத்தான்களாக இருந்தன. உள்ளே இருப்பவர் பார்ப்பது முதலையின் வாய் வழியாக. பிளந்த வாய்க்குள் ஒரு கறுப்பு வலை, வலைக்குப் பின்னால் மாஸ்டரின் முகம். அவர் தலையை ஆட்டினால் முதலை ஆமாம் என்று தலையாட்டும். இல்லை என்று திருப்பினால் இவர் தலை மட்டும் உள்ளே திரும்பும். முதலை அசையாது. அதாவது, அந்த முதலைக்கு மறுக்கத் தெரியாது.

முதல் சனிக்கிழமை அமோகம். பிள்ளைகள் வரிசையில் நின்று புத்தகம் ஊட்டினார்கள். மெல்லிய புத்தகங்கள் வாய்க்குள் வழுக்கி வயிற்றில் விழுந்தன. அப்புறம் ஒரு பயல் கனமான அகராதி ஒன்றைத் தூக்கி வந்தான். அது வழியில் வலையோடு சேர்த்து மாஸ்டரின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

கத்தக்கூடாது. விதி. ஆகவே அவர் குதித்தார். ஒரு காலில் குதித்தார், மறுகாலில் குதித்தார், வாலைச் சுழற்றிக்கொண்டு மூன்று அலமாரிகளைச் சுற்றிவந்தார். பிள்ளைகள் ஆடாத ஆட்டம் ஆடி, கைதட்டி, இன்னொரு தடவை கேட்டார்கள். அகராதி சாப்பிட்டால்தான் முதலை ஆடும் என்று செய்தி பரவியது. அகராதிக்கு அன்றைக்கு இருந்த மவுசு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை.

இருந்தாலும் பல் டாக்டரிடமிருந்து தப்பித்தாயிற்று. வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, உடுப்பு எங்கேயாவது பிடிக்கிறதா என்று மட்டும் விசாரித்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை ஜிப்பைப் போட்டு முற்றத்துக்குக் கூட்டிவந்தார்கள். வலை வழியாகப் பார்த்தார். முற்றத்தில் ஒரு வெள்ளை வேன். அதன்மேல் சிரிக்கிற பல் ஒன்றின் படம். பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு, எந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தாரோ அதே டாக்டரம்மா. பிள்ளைகளுக்கு இலவசப் பல் பரிசோதனை.

மாஸ்டர் திரும்பி நடந்தார். நடக்க முடியவில்லை. வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு பட்டாளமே நின்றது. புலிவாலைப் பிடித்தவன் கதை தெரியும். வாலைப் பிடிக்கக் கொடுத்த முதலையின் கதை அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆனால் வேனுக்குள் போக ஒரு பிள்ளையும் தயாராக இல்லை. படிக்கட்டில் ஒரு சிறுமி, கன்னம் இவருடையதைப் போலவே வீங்கியிருக்க, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் விரலிடுக்கு வழியாக ஒரு நிபந்தனை போட்டாள்.

"முதலை போனா நான் போறேன்."

முதலை போகட்டும், முதலை போகட்டும் என்று மற்றதுகளும் பிடித்துக்கொண்டன. மாஸ்டர் உள்ளே தலையை இடமும் வலமும் வெட்டினார். வெளியே முதலை சாந்தமாக நின்றது. டாக்டரம்மா அருகே வந்தார். முதலைதான் எப்போதும் வாயைத் திறந்துகொண்டே நிற்கிறதே, அவருக்கு வேலை சுலபமாகப் போய்விட்டது. வலையை விலக்கி டார்ச் அடித்தார். முதலை வாய்க்குள்ளே இன்னொரு வாய் இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

"அதையும் திறங்க சார்," என்றார் மெதுவாக. "பசங்க பார்க்கறாங்க."

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. உலகம் நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் சிறுமி எழுந்து வந்து முதலையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் பயமா இருக்கா?"

எத்தனையோ பேரின் பயத்தை அவர் சிரித்தே விரட்டியிருக்கிறார். அவரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். இப்போது இல்லை என்று சொல்ல வழியில்லை. முதலை மெல்ல ஆமாம் என்று தலையாட்டியது. ஆட்டியதும் அவருக்கே நெஞ்சில் ஏதோ இளகியது. உள்ளே கண்கூடக் கொஞ்சம் கலங்கிவிட்டது. முதலைக் கண்ணீர்தான், ஆனால் அசல்.

"எனக்கும்தான்," என்றாள் சிறுமி. "நீ முதல்ல போ."

வேனுக்குள் கதவைச் சாத்தி, ஜிப்பைக் கழற்றி, தலையை எடுத்து ஓரமாக வைத்தார்கள். டாக்டரம்மா பல்லைப் பார்த்து, காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆகவேண்டும் என்றார். "சுகர் இல்லை, பிரஷர் இல்லை, பயம் மட்டும்தான்னு சொன்னாங்க. வேண்டாம்னா இப்பவே இறங்கிடலாம் சார், பசங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

யார் சொன்னார்கள் என்று கேட்க அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தச் சிறுமியின் குரல், முதலை அழுதுச்சா, முதலை அழுதுச்சா என்று விசாரித்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுங்க."

ஊசி போட்டார்கள். அவர் கால் நாற்காலியின் பலகையை மிதித்தது. இங்கே பிரேக் கிடையாது சார் என்றார் டாக்டரம்மா. உதடு மரத்தது, நாக்கு மரத்தது. எப்போது ஆரம்பிப்பார்கள், எப்போது ஆரம்பிப்பார்கள் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது, டாக்டரம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினார். அதில் அவர் பல்.

இவ்வளவுதானா? இதற்கா ஒரு மாதம் தூக்கம் கெட்டது? இதற்கா பெரியப்பாவைப் படுக்கையில் போட்டது? மாஸ்டருக்குச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது. தலைமேல் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போன்ற நிம்மதி. வாயில் பஞ்சோடு மறுபடி முதலையாகி இறங்கினார். முற்றமே கைதட்டியது. சிறுமி அவர் வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தானாகவே படியேறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசை கட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குள் பழைய மாஸ்டர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். மனைவிக்கு எதுவும் தெரியாதல்லவா? பல்வலி போயே போச்சு, தானாக வந்தது தானாகப் போகும் என்று சொன்னேனே, பார்த்தாயா என்று ஒரு போடு போடலாம். மரத்துப்போன வாயால் வாக்கியத்தை இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அவள் மிஷினைவிட்டு எழுந்துபோய் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பஞ்சை எடுத்துட்டுச் சாப்பிடுங்க. சூடா எதுவும் வேண்டாம். இன்னைக்கு வாய் கொப்பளிக்கவும் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருப்பாங்களே."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். மிஷினில் இருந்த பச்சை நூல்கண்டைப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்த உடுப்பும், நூலகத்து அம்மாளின் இருமலும் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன.

"அந்த முதலை நீ தைச்சதா?"

"நூலகத்து வேலைன்னு சொன்னேனே. நீங்க காதுல வாங்கினாத்தானே."

"ஜிப்பை எதுக்கு முதுகுல வச்சே?"

"முன்னாடி வச்சா நீங்களே கழட்டிட்டு ஓடிடுவீங்க."

"முகத்துக்கு நேரா வாயை வச்சது?"

"டாக்டரம்மா கைக்கு எட்டணும்ல."

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான் அது. தேடிப் பார்த்தார், வரவில்லை. ஒரு மாதக் கோபமும் அந்தப் பல்லில்தான் இருந்தது போலும், கிண்ணத்தோடு போய்விட்டது. ஐஸ்கிரீமை வாயின் இரண்டு பக்கமும் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். எத்தனை நாளாயிற்று இப்படிச் சாப்பிட்டு. மரத்த வாயால் கோணலாக ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தார். பசங்களுக்கு முதலையை ரொம்பப் பிடித்துவிட்டது, இனி எந்தப் பயமும் இல்லை, எல்லாச் சனிக்கிழமையும் தானே போகப்போவதாக அறிவித்தார்.

"தாராளமாப் போங்க," என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "ஆனா அந்தத் தலையை ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டு வாங்க, உங்க கண்ணுக்கு நேரா ரெண்டு ஓட்டை போடணும். அடுத்த வாரம் வரது கண் டாக்டர் வேன்."