மாப்பிள்ளை உட்கார ஓர் இடம்

மாமனார் இன்னும் உட்காரவில்லை. மாப்பிள்ளை எங்கே உட்காரப்போகிறார் என்பது முடிவான பிறகுதான் உட்காருவதாக, நீலத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இரண்டு வரிசைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பின்வரிசைக்காரர்கள் முதலில் கனைத்துப் பார்த்தார்கள், பிறகு முனகினார்கள், கடைசியில் ஒருவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"பெரியவரே, உட்காருங்க. மைதானமே தெரியல."

"கொஞ்சம் பொறுங்க. குடும்பத்துல ஒரு சின்னப் பிரச்சினை."

அந்தச் சின்னப் பிரச்சினை அவருக்குப் பின்னால் கையில் பாப்கார்ன் பொட்டலத்துடன் நின்றது. தொழிலில் அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் பாதியில் நின்றாலும் கதவில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். தன்னிடம் இருக்கும் கோளாறு எங்கே என்பதுதான் அவருக்கு இதுவரை பிடிபடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்த எந்த ஆட்டத்திலும் ஊரின் நீல அணி ஜெயித்ததில்லை.

மாமனார் வீட்டில் யாரும் இதைச் சும்மா சொல்லவில்லை. கல்யாணத்தன்றே மண்டபத்து மூலையில் மச்சான்கள் இருவரும் போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது மாப்பிள்ளை மரியாதைக்காக எட்டிப் பார்த்தார். அவர் எட்டிப் பார்த்த அந்த நேரம் பார்த்து நீல அணியின் கோல்கீப்பர் பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே மாப்பிள்ளை குளிக்கப் போனார். அவர் தலையில் தண்ணீர் விழுந்ததும் நீல அணி கோல் போட்டது. அவ்வளவுதான், வழி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அணி திணறும்போதெல்லாம் மாமனார் ஒரு துவாலையை எடுத்து மாப்பிள்ளை மடியில் வைத்துவிடுவார். அந்தத் தெருவிலேயே அவ்வளவு சுத்தமான ஆள் வேறு யாரும் கிடையாது. வீட்டில் கூச்சல் எழும்போது அவர் சோப்பும் கையுமாக நிற்பார். ஓடி வந்து பார்த்தால் டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நீல அணி கோல் போடுவதை ஒரே ஒரு முறை, மாமனார் வீட்டு ஆட்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, கண்ணால் பார்க்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பெரிதாகச் சொத்துபத்து எதுவும் அவர் கேட்கவில்லை.

இன்றைக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம். பச்சை அணியிடம் தோற்றால் நீல அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். பேக்கரி வைத்திருந்த மாமனார், அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கதவில் பூட்டைத் தொங்கவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் அவர் சொல்லிப் பார்த்தார். மகள் விடவில்லை. அவள் கணக்கு டீச்சர். இதெல்லாம் தற்செயல், நிகழ்தகவு என்று ஒன்று இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே இது புரியும் என்று வகுப்பெடுத்தாள். அப்பா காதில் அது ஏறவில்லை. டிக்கெட் எடுத்தது அவள் என்பது மட்டும் ஏறியது.

"அவர் என் பக்கத்துல, உங்களுக்கும் எனக்கும் நடுவுல உட்காருவார். அவ்வளவுதான்," என்றாள் இப்போது.

மாமனார் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார். நடுவரிசை, நடுக்கோட்டுக்கு நேர் எதிரே. பச்சைப் புல்லும் வெள்ளைக் கோடும் பளிச்சென்று தெரிந்தன. இந்த இடத்துக்காகத்தான் பிறந்தோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. மாமனாரிடம் பாப்கார்ன் பொட்டலத்தை நீட்டினார். மாமனார் ஒன்றே ஒன்று எடுத்தார். அதை அவர் வாயில் போடுவதற்குள் பச்சை அணி கோல் போட்டுவிட்டது.

மாமனார் திட்டவில்லை. எடுத்த பாப்கார்னைத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டுவிட்டு, அமைதியாக மாப்பிள்ளையைப் பார்த்தார். இரண்டு மச்சான்களும் அதே மாதிரி பார்த்தார்கள்.

"தற்செயல்," என்றாள் மனைவி. ஆனால் தன் கைப்பையை எடுத்துத் தனக்கும் அவருக்கும் நடுவே வைத்தாள்.

மாப்பிள்ளைக்கு அந்தக் கைப்பைதான் சுருக்கென்று தைத்தது. தானே எழுந்து, வரிசையின் கோடிக்குப் போய்விடுகிறேன் என்றார். யாரும் தடுக்கவில்லை. பெரிய மச்சான் வழிவிட எழுந்தே நின்றுவிட்டார். கோடி இருக்கைக்கு முன்னால் ஒரு தடித்த தூண் இருந்தது. மைதானத்தில் பாதி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆனாலும் பலன் தெரிந்தது. நீல அணி முன்னேறுகிறது, மறுபடி முன்னேறுகிறது, பெனால்ட்டியே கிடைத்துவிட்டது. கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பெனால்ட்டி அடிக்கும் இடம் தூணுக்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளை தன்னால் முடிந்தவரை கட்டுப்படுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார். கடைசி நொடியில் கழுத்து அவர் பேச்சைக் கேட்காமல் தானாக நீண்டது. ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தார். பந்து கம்பத்தில் பட்டு எகிறியது.

"பாத்தாரு! நான் பாத்தேன், அவரு பாத்தாரு!" என்று சின்ன மச்சான் வரிசையின் மறுகோடியிலிருந்து கை நீட்டிக் காட்டினான். முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். பின்வரிசைக்காரர், மாமனாரை உட்காரச் சொன்னவர்தான், விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, இந்த மனுஷரை ஏன் உள்ளே விட்டார்கள் என்று நியாயம் கேட்க ஆரம்பித்தார்.

சின்ன மச்சானுக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் ஒரு நண்பன் இருந்தான். அவனைக் கெஞ்சி இடம் மாற்றிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்தாலும் வலையின் கயிறு தவிர வேறெதுவும் தெரியாது, அங்கே போனால் சரியாகிவிடும் என்பது குடும்பத்தின் தீர்மானம். மாப்பிள்ளை படியிறங்கி, சுற்றிப் போய், யார் யார் காலையோ மிதித்து அங்கே போய்ச் சேர்ந்தார்.

வலைக்கு அந்தப் பக்கம் நீல அணியின் கோல்கீப்பர் நின்றிருந்தார். கல்யாணத்தன்று தன் வலைக்குள்ளேயே கோல் போட்ட அதே ஆள். இவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு மனம் உருகிவிட்டது. இருவருக்கும் ஏதோ பழைய உறவு இருப்பதாகப் பட்டது. ஒரு பச்சைச் சட்டைக்காரன் இடது ஓரத்தில் பந்தோடு வருவதைக் கண்டதும் நல்ல எண்ணத்தில்தான் கத்தினார்.

"சார், இடது பக்கம் பாருங்க!"

யாரோ தன்னை சார் என்று கூப்பிடுகிறார்களே என்று கோல்கீப்பர் திரும்பினார். பந்து அவரைத் தாண்டி வலைக்குள் போய், மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

இடைவேளையில் மாமனார் குடும்பம் படிக்கட்டடியில் கூடியது. மாப்பிள்ளையையும் கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெரிய மச்சான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். எந்த நஷ்டத்தையும் அடுத்தவர் தலையில் கட்டுவது எப்படி என்பது அவருக்கு அத்துப்படி. அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"அப்பா, மாப்ளகிட்ட சக்தி இருக்கு. அதை நாம மறுக்கக் கூடாது. தப்பான பக்கம் உட்கார வச்சிருக்கோம், அவ்வளவுதான்."

மாமனார் மெல்லத் தலையாட்டினார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு டிக்கெட்டை எடுத்தார். எதிரணி ஆதரவாளர்கள் பகுதி, கடைசி வரிசை. கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைத் துண்டும் வந்தது.

"அப்பா, இதை எப்ப வாங்கினீங்க?" என்றாள் மகள்.

"போன வாரமே வாங்கிட்டேம்மா. உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் முதல்ல பக்கத்துல உட்கார வச்சுப் பாத்தேன்."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் தற்செயல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இங்கேயே இருந்துவிடுவார். அவள் ஸ்கோர் பலகையைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்தப் பச்சைத் துண்டை வாங்கி, கணவன் கழுத்தில் அக்கறையாகச் சுற்றிவிட்டாள்.

"மனசார அவங்களை ஆதரிக்கணும் மாப்பிள்ளை. ஒப்புக்குச் செஞ்சா வேலைக்கு ஆகாது," என்று மாமனார் எச்சரித்து அனுப்பினார்.

எதிரணிப் பகுதியின் வாசலில் நின்ற காவலாளி டிக்கெட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசி வரிசைக்குக் கை காட்டினார். முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல என்று நொந்துகொண்டு மாப்பிள்ளை படியேறினார்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு இடம்தான் காலி. ஒரு பக்கம், பச்சைத் துண்டைத் தாடைவரை இழுத்துப் போர்த்திய மீசைக்காரர். மறுபக்கம், பச்சைத் தொப்பி போட்ட ஒல்லியான கண்ணாடிக்காரர். இருவரும் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். வரிசை முழுவதுமே அப்படித்தான் இருந்தது, வாடகைக்கு அழைத்து வந்தவர்கள் போல. முன்வரிசைகளில் ஆட்டமும் பாட்டமும் தூள்பறந்தது. இங்கே அவ்வப்போது யாராவது ஒருவர் "வாழ்க பச்சை" என்பார். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல அதைத் திருப்பிச் சொல்வார்கள். மாப்பிள்ளையும் சேர்ந்து சொன்னார். துரோகம் செய்கிறோமே என்று நாக்கு கூசியது. ஆனால் குடும்பத்துக்காகச் செய்யும் துரோகம் என்று தேற்றிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் நடுவிலிருந்து பந்தைக் கொண்டுவந்தார், ஒருவரை ஏமாற்றினார், இன்னொருவரையும் ஏமாற்றினார், அடித்தார். வலை குலுங்கியது. மாப்பிள்ளை பார்த்தார். இடையில் தூண் இல்லை, சோப்பு நுரை இல்லை, விளம்பரம் இல்லை. இரண்டு கண்ணாலும் முழுசாகப் பார்த்தார்.

தொண்டைக்குள் புறப்பட்ட சத்தத்தைப் பச்சைத் துண்டைக் கடித்து உள்ளேயே அமுக்கினார். கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் பார்த்தால், மீசைக்காரரும் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. பாவம், எவ்வளவு ஆசையாக வந்தாரோ என்று மாப்பிள்ளைக்கு மனம் இளகியது. அவர் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார். மீசைக்காரர் முகத்தை எடுக்காமலேயே இவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

போனில் மாமனாரிடமிருந்து செய்தி வந்தது. அசையாதீங்க, மூச்சுகூட மெதுவா விடுங்க.

இரண்டாவது கோல் விழுந்தபோது கண்ணாடிக்காரர் எதையோ தவறவிட்டவர் போல இருக்கைக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மயங்கிவிட்டாரோ என்று மாப்பிள்ளைக்குப் பயம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் வேண்டாம் என்று கீழிருந்து ஒரு கை மட்டும் ஆடியது. தோல்வியை இவ்வளவு மனதில் வாங்கிக்கொள்கிறவர்களைப் பார்த்து மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் வெட்கமாகக்கூட இருந்தது. இவர்கள் வரிசையில் உட்கார்ந்து இவர்களுக்கே குழி பறிக்கிறோமே என்று எண்ணிக்கொண்டார்.

ஆட்டம் முடியும் தறுவாயில், எல்லோரும் சமநிலை என்றே நினைத்துவிட்ட நேரத்தில், மூலையிலிருந்து வந்த பந்தை ஒரு நீலத் தலை முட்டியது. மூன்றாவது கோல். மாப்பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சத்தம் தப்பித்து வந்தேவிட்டது. முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பினார்கள். அவர் அதை இருமலாக மாற்றினார். உடனே வரிசை முழுவதும் இருமியது.

விசில் ஊதிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் முழுவதும் நீலக் கடல் பொங்கியது. அங்கே எங்கோ மாமனாரும் மச்சான்களும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருப்பார்கள். மனைவி நிகழ்தகவை மறந்து துள்ளிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளையின் போன் அடித்தது.

"மாப்பிள்ளை, நீங்க எங்க குலசாமி," என்றார் மாமனார். "இனிமே உங்களை யாரும் அங்க இங்கன்னு மாத்த மாட்டோம். அடுத்த பருவம் முழுக்க, எந்த அணி வந்தாலும் சரி, அதே பக்கம், அதே வரிசை, அதே இடம். டிக்கெட் செலவு என்னோடது."

"சரி மாமா," என்றார் மாப்பிள்ளை.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். மூன்று கோல் பார்த்தாயிற்று, அதுவும் கண்ணால். ஆனால் ஒரு கோலுக்குக்கூட எழுந்து நின்று கத்தவில்லை, கட்டிப்பிடிக்கச் சொந்தம் என்று பக்கத்தில் ஒருத்தர் இல்லை. வாழ்நாள் பூராவும் இப்படி அந்நியர்கள் நடுவில் வாயை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்வரிசைகளில் இருந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். கடைசி ஆளும் வாசலைத் தாண்டி மறைந்தார். கடைசி வரிசையில் மட்டும் ஏனோ ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மீசைக்காரர் எட்டி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கழுத்திலிருந்த பச்சைத் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"இப்ப தாராளமா கத்துங்க தம்பி, இந்த வரிசை பூரா நம்ம ஊர் மாப்பிள்ளைங்கதான்."