நான் பேசி வாங்கிக் கொடுத்த ஓட்டு

பேரம் பேசும்போது எதிராளி சட்டென்று ஒப்புக்கொண்டால் சந்தோஷப்படக் கூடாது. இந்த ஞானம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

கொட்டச்சேட்டுப் பக்கம் எங்கள் காபி எஸ்டேட் நிர்வாகம், தொழிலாளர் குடியிருப்பை அங்கே வசிப்பவர்களிடமே ஒப்படைப்பதென்று முடிவெடுத்தது. தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, கோயில் திடல் எல்லாம் இனி எங்கள் ராஜ்ஜியம். அதற்கு முன் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்தல் விதிகளைப் பேசி முடிக்க, வாடகை ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஊரே அனுப்பியது. (நானாகவே கிளம்பிப் போனதாகவும் சொல்வார்கள்.) முதல் தலைவர் நான்தான் என்று மனசுக்குள் மாலையே போட்டுக்கொண்டுவிட்டேன்.

"வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டுங்க," என்றார் மேனேஜர்.

இவ்வளவு நியாயமாகப் பேசுகிறாரே, ஏதோ சூது இருக்கிறது என்று பட்டது.

"அதெல்லாம் ஆவாதுங்க. ஊடு யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான் ஓட்டு. அவங்கதான் தலைவருக்கும் நிக்கோணும்," என்று மேஜையைத் தட்டினேன். வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒண்டிக்கடையில் என்னோடு டீ குடிப்பவர்கள்தானே.

கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் குனிந்துகொண்டு இருமினார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களாங்க?" என்றார் மேனேஜர். நான் தலையாட்டியதும் சட்டென்று ஒப்புக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த சில நாள் ஒண்டிக்கடையில் ஆண்களுக்கெல்லாம் என் செலவில் டீ, போண்டா. (விஷயம் தெரிந்தே தின்றார்களா என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியமில்லை.)

தேர்தலன்று திடலில் கட்டியிருந்த கயிற்றுக்குள் வரிசை முழுக்கச் சேலைகள். நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் எஸ்டேட் வீடு கொடுக்கும். காபிப்பழம் பறிக்கும் பெண்கள்தான் அந்த நிரந்தரத் தொழிலாளிகள். ஆண்கள் ஜீப், லாரி, கடை என்று எப்போதோ வெளி வேலைக்குப் போய்விட்டோம். என் வீடே என் மனைவி பழனியம்மாள் பேரில்தான் இருந்தது. இத்தனை வருஷம் அதில் சாப்பிட்டுத் தூங்கியவனுக்கு அது நினைவில்லை.

"ஏனுங்க, ஓட்டு இல்லாதவங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கோணுமாமுங்க," என்றாள் பழனியம்மாள், நொம்ப மரியாதையாக.

"அப்ப தலைவருக்கு யாருங்க நிக்கறது?" என்று ரைட்டர் கேட்க, பெண்கள் எல்லாரும் சேர்ந்து அவளையே முன்னால் தள்ளினார்கள். போட்டியே இல்லை. மேனேஜர் தொட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தபோது, கயிற்றுக்கு வெளியே அவளுடைய டிபன் பையைப் பிடித்துக்கொண்டு நான்தான் முதலில் கை தட்டினேன். அவமானம்தான், ஆனால் அதைவிடப் பெருமையாக இருந்தது.

இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். என் மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பாள்:

"அப்பா, ஊடு யார் பேர்லீங்க இருக்குது?"