மொட்டைமாடியில் ஒரு மூச்சுப் போட்டி

மூச்சு விடுவதில்கூட விட்டுக்கொடுக்காத ஆள் நான் என்பது எனக்கே நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

சேலையூரில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் ஞாயிறு காலை மூச்சுப் பயிற்சி வகுப்பு. பக்கத்துப் பாயில் மூன்றாவது மாடி பரமசிவம் சார். அறுபத்தெட்டு வயது. புஸ் புஸ்ஸென்று ஊதித் தள்ளினார். விடுவேனா? மாஸ்டர் “போதும், நிறுத்துங்க” என்ற பிறகும் இருமடங்கு வேகத்தில் ஊதினேன். (சார் கண்ணை மூடியிருந்தார். நான் ஜெயித்ததைப் பார்க்கவே இல்லை.)

முதலில் உதட்டைச் சுற்றி மரத்தது. பிறகு இரண்டு கைகளிலும் விரல்கள் குவிந்து, சோற்றை அள்ளிய நிலையில் அப்படியே விறைத்துக்கொண்டன. பக்கவாதம்தான் என்று முடிவுகட்டினேன். பயத்தில் மூச்சு இன்னும் வேகமாக வாங்கியது.

மனைவி சுமதி அழுதுகொண்டே ஆட்டோவில் ஏற்றினாள். சிக்னலில் வண்டி நின்றபோது, பொய்யோடு போய்ச் சேரக் கூடாது என்று தோன்றியது.

“சுமதி... உன் தங்கச்சி படப்பையில கிரகப்பிரவேசம் வெச்சாளே, அன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட்னு சொன்னேன்ல... ஆடிட்டே இல்ல. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல நாரை பாத்துக்கிட்டிருந்தேன்.”

அழுகை சட்டென்று நின்றது. டிரைவர் திரும்பினார். “இன்னாத்துக்கு பயப்பட்றக்கா? சாருக்குப் பேச்சு நல்லா வருதுல்ல, ஒண்ணியும் ஆவாது.”

“ஆகக் கூடாதுண்ணா. வீட்டுக்குப் போய் நான் பேச வேண்டியது நிறைய இருக்கு” என்றாள் சுமதி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கை, கால், முகமெல்லாம் சோதித்து, ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஸ்ட்ரோக்கெல்லாம் இல்ல சார். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு இருந்தாத்தான் அமிலமும் காரமும் சரியா நிக்கும். அதை நீங்க ஊதியே தள்ளிட்டீங்க. ரத்தம் காரப் பக்கம் சாஞ்சுது, விரல் இழுத்துக்கிச்சு. நுரையீரலும் கிட்னியும் இந்த வேலையைத் தானாவே பாத்துக்கும். நீங்க குறுக்க போகாம, மெதுவா மூச்சு விடுங்க.”

விட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பிழைத்துவிட்டேன் என்ற நிம்மதியில் கண் கலங்கியது. சுமதிக்கும்தான். என் கையைத் தேய்த்துவிட்டபடியே கேட்டாள்: “எத்தனை நாரை இருந்துச்சு?”

இப்போதெல்லாம் சுமதியின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஆபீஸ் வேலையால் வர முடியாது என்று நான் சொன்னால், படப்பையிலிருந்து மச்சினி போன் பண்ணிவிடுவாள். “அக்கா, மாமாவை மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் ஊதச் சொல்லு. உண்மை வந்துடும்.”

போன மாதம் நிஜமாகவே ஆடிட். சுமதி பாயை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றாள்.