கார்ட்டூனில் ஏறிய கல்யாணப் பேச்சு

கேலிச்சித்திரம் கீறுகிறவனுக்கு எதிரிகள் இரண்டு வகை. வெளியில் இருப்பவர்கள், வீட்டில் இருப்பவர்கள். வெளியில் இருப்பவர்கள் அடித்தால் ஆஸ்பத்திரியிலாவது சோறு கிடைக்கும். வீட்டில் இருப்பவர்கள் கோபித்தால் அதுவும் கிடையாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வவுனியாவில், சமாதான காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன்.

அப்போது நான் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் வேலை செய்தேன். எழுத்துப்பிழை திருத்துவது உத்தியோகம், கார்ட்டூன் கீறுவது திமிர். படத்தின் மூலையில் போடும் கையெழுத்தைப் பழகிய நேரத்தில் பாதியை மூக்குக் கீறப் பழகியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன். (அப்படித்தான் அம்மா இன்றைக்கும் சொல்வா. எங்கே போயிருப்பேன் என்று மட்டும் சொல்லமாட்டா.)

எங்கள் ஆசிரியர் பயந்த மனிதர் இல்லை, அனுபவப்பட்ட மனிதர். முதல் நாளே என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்திச் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஆமியைக் கீறினால் ஆமி வரும். இயக்கத்தைக் கீறினால் இயக்கம் வரும். கட்சிக்காரரைக் கீறினால் ரெண்டு பேருக்கும் முதல் அவங்கள் வந்து நிப்பாங்கள். ஒருத்தரும் கந்தோருக்கு வராத விசயமாப் பார்த்துக் கீறும்."

நான் யோசித்து யோசித்து, "இன்ரநெற் பற்றிக் கீறட்டோ சேர்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வவுனியாவில ஆக்கள் இருக்கினமோ?"

"இல்லை சேர்."

"அப்ப கீறும்."

இப்படித்தான் நான் இன்ரநெற்றின் எதிரியானேன். அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் றிஸ்வான் நானாவின் நெட் கடையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு ஈமெயில் முகவரி திறந்து கொடுத்தவர் நானாதான். பாஸ்வேர்ட்டையும் அவரே வைத்துவிடுவார். வைத்தவருக்கு மறந்து போகாது, வாங்கினவருக்கு ஞாபகம் வராது. கடைக்கு வருகிற மனுசி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நானா, என்ர பாஸ்வேர்ட் என்ன?" என்று கத்துவா. நானா உள்ளேயிருந்து, "உங்கட மூத்த மகள்ட பேர்தானம்மா, கடைசியில ஒண்டு போடுங்க!" என்று அதைவிடப் பலமாகக் கத்துவார். கடையில் இருக்கிற அத்தனை பேரும் தலையாட்டுவார்கள்.

என் முதல் கார்ட்டூன் அதுதான். வீட்டுக் கதவுக்கு வரிசையாகப் பூட்டுப் போட்ட ஒருவர், ஒலிபெருக்கியில் பாஸ்வேர்ட்டை வாசிக்கிறார். ஊர் சிரித்தது. நானாவே வெட்டியெடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். எனக்குத் தலைக்கு மேலே ஒளிவட்டம் சுற்றத் தொடங்கியது. அடுத்த கிழமைக்கு என்ன கீறுவது என்று அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது.

அக்கா பள்ளிக்கூட ரீச்சர். இடம்பெயர்வும் ஓட்டமுமாக அவவின் கல்யாண வயது எங்கேயோ தெருவில் கொட்டுப்பட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு வந்த பேச்சுகளும் குழம்பின. ஒன்று சரிவரும்போல இருக்கும், சந்தையில் யாராவது காதில் விழுத்துவார்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு மொட்டைக் கடிதம் போகும், முடிந்தது. அதனால் இந்த முறை அம்மா வாயில் பூட்டுப் போட்டா. மாப்பிள்ளை கனடாவில், தாய் செட்டிகுளத்தில். சாதகப் பொருத்தம்கூட எங்கள் சாத்திரியாரிடம் பார்க்கவில்லை. (அவர் பலன் சொல்வதில் எப்படியோ, செய்தி சொல்வதில் எங்கள் பத்திரிகையை வென்றவர்.) அம்மா மன்னாருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தா. மாப்பிள்ளையின் படம் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தது. கறுத்தக் கண்ணாடி பிரேம், நாடியில் ஒரு மச்சம், தலை நிறையச் சுருள் மயிர்.

மாப்பிள்ளையும் அக்காவும் ஒரு தரம் முகம் பார்த்துக் கதைக்கவேண்டும் என்று முடிவானது. சனிக்கிழமை காலை, "சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போறம்" என்று அயலுக்குச் சொல்லிவிட்டு, அம்மாவும் அக்காவும் நானும் நானாவின் கடைக்குப் போனோம். நானா மூலைக் கம்பியூட்டரைத் தந்து, படுக்கை விரிப்பு ஒன்றைத் திரைச்சீலையாகக் கட்டிவிட்டார்.

திரைச்சீலை கண்ணை மறைத்தது. காதை என்ன செய்வது? லைன் இழுத்து இழுத்து வந்தது. மாப்பிள்ளையின் முகம் ஒரு முறை அசைந்தால் அடுத்த அசைவுக்கு ஒரு தேத்தண்ணி குடித்து வரலாம். கம்பளித் தொப்பி ஒன்றைக் காது வரை இழுத்துப் போட்டிருந்தார். "பாவம், அங்க சரியான குளிர்" என்று அம்மா உருகினா. கனடா தூரம் என்பதால் அம்மா கனடாவுக்குக் கேட்கும்படியே கதைத்தா.

"தம்பீ! உங்களுக்குச் சுகர் இருக்கோ?"

"இல்லை மாமி!"

"பிறஷர்?"

"இல்லை!"

"நாங்கள் கதைக்கிறது வெளியில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, என்ன?"

திரைச்சீலைக்கு வெளியே கீபோர்ட் சத்தம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு அக்கா கதைத்தா. என்ன கதைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் அக்கா சிரித்தா. அவ அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டு கனகாலம். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடேயே கந்தோருக்குப் போய், பேனையை எடுத்து, அந்தக் காட்சியைக் கீறினேன்.

கோபிக்காதீர்கள். நான் எங்கள் வீட்டைக் கீறுகிறேன் என்று நினைக்கவேயில்லை. நான் தனிமனித அந்தரங்கம் பற்றிய ஆழமான கருத்தொன்றைக் கீறிக்கொண்டிருந்தேன். திரைச்சீலைக்குள் ஒரு தாய், பக்கத்தில் மகள், வெளியே ஊரே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தாய் வாயில் விரலை வைத்துக்கொண்டு கத்துகிறா: "தம்பி, உங்களுக்குச் சுகர் இருக்கோ? ரகசியம், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்!"

பிழை எங்கே நடந்தது என்றால், எனக்குப் பொம்பிளை முகம் என்று கீற வந்தது இரண்டே முகம். அம்மாவினதும் அக்காவினதும். தாய்க்கு அம்மாவின் கொண்டை, அம்மாவின் விபூதி, கக்கத்தில் அம்மாவின் கைப்பை எல்லாம் தானாக வந்து ஏறின. மகளுக்கு அக்காவின் நீளப் பின்னல். திரையில் மாப்பிள்ளைக்குக் கண்ணாடியும் மச்சமும் போட்டேன். விளங்காமல் போய்விடக்கூடாதென்று மேலே "கனடா" என்றும் எழுதிவிட்டேன். முகம் பெருவிரல் நகத்தளவு. முந்தின கிழமை இதே அளவில் நான் கீறிய ஒரு மனிதரின் தலைமயிர் அச்சில் மை ஊறி, தலையில் காகம் இருப்பதுபோல வந்திருந்தது. ஆகவே மாப்பிள்ளையை மொட்டையாக்கி, நடுவில் மூன்று மயிர் மட்டும் நட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. அம்மா சந்தையிலிருந்து மீனில்லாமல் வந்தா.

"மீன்காரன் என்ன சொன்னவன் தெரியுமோ? 'அம்மா, கனடா மருமகனுக்குச் சுகர் இல்லையாமே, நல்ல சந்தோசம்' எண்டு சொல்லுறான்!" பத்திரிகையை என் மடியில் எறிந்தா. "இதுக்கு நீ மொட்டைக் கடிதமே போட்டிருக்கலாமே!"

அன்று மத்தியானம்தான் அந்த வெறும் கோப்பை. ஆனால் அம்மாவின் ஏச்சு பெரிதில்லை. அக்கா பத்திரிகையைக் கையில் எடுத்தா. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு போய் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்தினா. எனக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம்போல இருந்தது. இன்ரநெற்றால் மனிதரின் ரகசியம் பறிபோகிறது என்று ஊருக்குப் புத்தி சொல்லப் போய், இன்ரநெற் கட்டிக் காத்த ரகசியத்தை நான் பேப்பரில் அச்சடித்து விற்றிருக்கிறேன்.

அடுத்த நாள் காலை கந்தோர் வாசலில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே ஓர் அம்மா, கையில் எங்கள் பத்திரிகை.

"ஆர் இதைக் கீறினது?"

"இன்ரநெற்றுக்கு ஆளில்லை எண்டீர்?" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, ஆசிரியர் பின்பக்கத்தால் அச்சுக்கூடத்துக்குள் போய்விட்டார். (நான் சொன்னேன் அல்லவா, அனுபவப்பட்ட மனிதர்.)

மறைக்க வழியில்லை. படத்தில் அழகாக விளங்கியது என் கையெழுத்து ஒன்றுதான்.

"நான்தான் அம்மா."

"நான் செட்டிகுளத்தில இருந்து வாறன். கனடாப் பெடியன்ர தாய்." குடையை மடக்கி என் மேசையில் தட்டினா. "ஊர் அறியப் பேப்பரில போட்டது கிடக்கட்டும். என்ர பிள்ளை மொட்டை எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"ஐயோ, ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. மை ஊறும் எண்டுதான்..." என்று தொடங்கியவன் நிறுத்தினேன். "அவர் மொட்டையோ?"

அந்த அம்மாவின் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் கீற முடியாது. கதிரையை இழுத்து இருந்தா. "தண்ணி இருந்தால் கொஞ்சம் தாரும்" என்றா. குடித்துவிட்டுத்தான் மெல்லக் கதைத்தா. படம் பழைய படமாம். அதற்குப் பிறகு பனியில் வேலை, யோசனை, எல்லாம் சேர்ந்து கொட்டிப்போய்விட்டதாம். தாயும் மகனும் ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தார்களாம்.

"நான் வந்ததை வீட்டில சொல்லிப்போடாதேயும் தம்பி. பிள்ளை நல்லவன். அவனுக்கும் உங்கட அக்காவைப் பிடிச்சுப் போச்சு."

நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான், அதுவும் பயத்தில்.

ஆனால் நான் காப்பாற்றி என்ன? நானாவுக்குத் தன் கடை பேப்பரில் வந்த புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம். படத்தை ஸ்கேன் பண்ணி, தனக்குத் தெரிந்த முகவரிக்கெல்லாம் அனுப்பிவிட்டார். அவருக்கு எல்லா முகவரியும் தெரியும். அந்தக் கிழமையே மாப்பிள்ளையிடமிருந்து ஈமெயில் வந்தது: "சனிக்கிழமை நெட்டுக்கு வாங்கோ. கட்டாயம் ஒரு விசயம் கதைக்கவேணும்." அம்மா அதைக் கேட்டுவிட்டு, அலுமாரியைத் திறந்து மாப்பிள்ளையின் படத்தைத் திருப்பி அனுப்புவதற்கு எடுத்து வைத்தா. அக்கா அப்போதும் கொப்பிதான் திருத்தினா, ஆனால் எழுத்து நன்றாயிருந்த பிள்ளைக்கும் பிழை போட்டா.

சனிக்கிழமை நாங்கள் போனபோது கடையில் இருக்க இடமில்லை. எல்லோருக்கும் அன்றைக்கென்று அவசர ஈமெயில். நானா திரைச்சீலையைத் தேடினார். "விடுங்கோ நானா, இனி அது என்னத்துக்கு?" என்றா அக்கா.

மாப்பிள்ளை வந்தார், அதே தொப்பி. தொண்டையைச் செருமினார்.

"நான் மறைச்சது பிழைதான். நீங்கள் எல்லாரும் முதலே கண்டுபிடிச்சு, வீட்டுக்குள்ள சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள். நான் வீணா ஹீற்றருக்குப் பக்கத்தில தொப்பியோட இருந்து வேர்த்தனான்." தொப்பியைக் கழற்றினார். "பார்த்திட்டுச் சொல்லுங்கோ. வேண்டாமெண்டால் நான் கோவிக்கமாட்டன்."

லைன் வழக்கம்போல அந்த இடத்தில் நின்றது. திரை நிறைய மினுங்கிய மண்டையோடு படம் அப்படியே உறைந்துவிட்டது. அம்மா சனீஸ்வரனைக் கூப்பிட்டா. எனக்குப் பின்னால் ஒருவர் ஏறி நின்ற கதிரை கிறீச்சிட்டது. அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து, கொப்பி பார்ப்பதுபோலக் கவனமாகப் பார்த்தா.

"தம்பி மூண்டு மயிர் கீறியிருந்தவன்," என்றா. "உங்களுக்கு அதுவும் இல்லையே!"

லைன் மெல்லப் போய்க் கனடாவைச் சேர்ந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு வந்தது. அக்காவும் சிரித்தா, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, எனக்கு ஓம்" என்றா. நானா கடையில் இருந்த எல்லோருக்கும் சோடா உடைத்தார். கதிரையில் ஏறி நின்றவர் மீன்காரன்தான் என்று அப்போதுதான் கண்டேன்.

அக்கா கனடா போய், அவவின் பிள்ளைகள் என்னைவிட உயரமாகிவிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு இப்போது ஃபோனில் இரண்டு குரூப். ஒன்றில் காலை வணக்கமும் பூப்படமும் வரும். நான் அதில்தான் இருக்கிறேன். குடும்பம் நடப்பது மற்றதில். அப்படி ஒன்று இருப்பதே எனக்குக் கனகாலம் தெரியாது. தெரிந்த அன்றைக்கே கனடாவுக்கு எடுத்து அக்காவோடு சண்டை பிடித்தேன்.

"ஏன் என்னைச் சேர்க்கேல்லை?"

"அது கிடக்கட்டும். உப்பிடியொரு குரூப் இருக்கெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

நான் ஆளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அத்தான்தான் அக்காவுக்குப் பின்னால் நின்று, "நானப்பா, வாய் தவறிச் சொல்லிப்போட்டன்" என்றார்.

அன்றைக்கே அத்தானையும் அதிலிருந்து தூக்கிவிட்டார்கள். இப்போது நானும் அத்தானும் மட்டும் தனியாக ஒரு குரூப் வைத்திருக்கிறோம். அதில் போடுவதற்குத்தான் எங்கள் இருவருக்கும் ஒரு செய்தியும் தெரியாது.