நாம் சாரும் பச்சைப் பாசியும்

'நாம்' ஆசாமியை உங்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை; அவர் ஏற்கெனவே உங்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார். வேலை வந்தால் 'நாம்', கைதட்டல் வந்தால் 'நான்', ஏதாவது கெட்டுப்போனால் 'நீங்க'. இலக்கணத்தை இவ்வளவு லாபகரமாகக் கையாண்டவர் வேறு யார்?

எனக்குத் தெரிந்தவர் ஒரு பாசி ஆய்வுக்கூடத்தின் தலைவர். முதுகுக்குப் பின்னால் 'நாம் சார்'. குளத்துத் தண்ணீரில் உருளும் ஒரு பச்சைப் பாசிமேல் அவருக்குத் தீராத காதல். ஊசிமுனையளவு பந்து, ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்து ஒரே உயிர்போல நீந்தும். வெளிப்புறச் செல்கள் ஓயாமல் வாலடித்துப் பந்தை ஓட்டி, வாரிசில்லாமல் செத்துப்போகும். உள்ளே சொகுசாக இருக்கும் சில மட்டும் பிள்ளை பெறும். "என்ன தியாகம் பாத்தீங்களா!" என்று நுண்ணோக்கியைக் காட்டிக் கண்கலங்குவார். தாம் எந்தச் செல் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

தனிச் செல்கள் எப்படிக் கூட்டாகச் சேர்ந்தன என்று பார்க்க ஒரு சோதனை தொடங்கியது. ஒற்றைச் செல்லாகத் தனியே திரியும் ஒரு பாசியோடு, அதை விழுங்கும் நுண்ணுயிரையும் விட்டு வளர்க்க வேண்டும். தப்பிப்பதற்காகப் பாசி ஒட்டிக்கொள்ளப் பழகுமா?

"ஞாயித்துக்கிழமையும் நாம வந்து பாத்துக்கணும்மா," என்றார், கைக்குழந்தையோடு இருந்த ஆய்வாளரிடம். அந்த 'நாமில்' ஒரு பாதி, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து குடுவை குடுவையாகத் தண்ணீர் மாற்றியது. மறுபாதி மச்சினன் வீட்டில் குறட்டை விட்டது.

நடுவில் பூஞ்சை பிடித்துப் பாதிக் குடுவைகள் வீணாயின.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

அவள் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். குழந்தை முதல் அடி வைத்ததைக் கைப்பேசியில்தான் பார்த்தாள்.

கடைசியில் பாசி ஒட்டிக்கொண்டது. செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு, விழுங்க வந்ததன் வாய்க்கு அடங்காமல் நின்றன. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

மாநாட்டு மேடையில் ஏறியவர் யார் என்கிறீர்கள்? "அன்னைக்கே எனக்குத் தோணிச்சு, நான்தான் இப்படிப் பண்ணலாம்னு..." நான், நான், நான். அவள் பெயர் திரையில் காட்டிய கடைசிப் படத்தின் மூலையில், பொடி எழுத்தில்.

முன்வரிசையிலிருந்து ஒரு மூத்த விஞ்ஞானி எழுந்தார். "விழுங்குறதை எடுத்துட்டா, கொத்து மறுபடி பிரிஞ்சிடுதா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை... நம்ம பொண்ணு சொல்லுவா."

அவள் எழுந்தாள். "சார்தானே பண்ணினது? சாரே சொல்லட்டும்." உட்கார்ந்துவிட்டாள்.

சார் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

பிரியவில்லை என்ற பதிலை, தேநீர் இடைவேளையில் அந்த விஞ்ஞானியிடம் அவளே போய்ச் சொன்னாள். ஏன் பிரியவில்லை என்று தான் நினைத்ததையும் சொன்னாள். அவர் அங்கேயே தம் ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு வரும்படி கேட்டார், அவள் சம்மதித்தாள்.

வாசலில் நாம் சார் மறித்தார். "நாம இப்படி அவமானப்பட்டுட்டோமேம்மா!"

"நாம இல்ல சார். நீங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம், "இன்னைக்கு நாம வீட்டை ஒழிச்சிடலாம்" என்று சோபாவில் சாய்ந்தபடி அறிவித்தது யார்? பரண்மேல் ஏறியது யார் என்று உங்களிடம் கேட்கப்போவதில்லை. உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.