கில்கிரிஸ்ட் அம்மாள் கழுவிய படிக்கட்டு

கிளாஸ்கோ,
மார்ச் 1982.

பேரன்புள்ள ஈஷ்பெல் அக்காவுக்கு,

தம்பி டூகல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் யூனாவும், என் இடது முழங்காலைத் தவிர, சுகம். டொராண்டோவில் நீயும் அத்தானும் பனியில் வழுக்கி விழாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று இன்னொன்றைவிடப் பெரிதாக இருக்கிறது, ஆனாலும் நன்றி.

எழுத வந்த விஷயம் இது. யூனாவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை தயாராக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவளோ கிதாரைக் கட்டிக்கொண்டு, "யோசிக்கிறேம்ப்பா" என்கிறாள். நான் சொன்னால் ஏறாது, அத்தை சொன்னால் கேட்பாள். "ஒழுங்கா வேலைக்குப் போடி" என்று நாலு வரி கறாராக எழுதிப் போடு. இது உன் தம்பியின் தாழ்மையான விண்ணப்பம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன இலையுதிர் காலத்தில் யூனாவும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரு இசைத்தட்டுப் போட்டார்கள். குழுவுக்கு 'ஈரக் குடைகள்' என்று பெயர், தட்டுக்கு 'இரண்டாம் மாடி, இடப்புறம்' என்று பெயர். அது நம் வீட்டு முகவரிதான் அக்கா, யாராவது முகவரியைப் போய்த் தலைப்பாக வைப்பார்களா? ஸ்டுடியோவுக்கு வழியில்லாததால் நம் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்தார்கள். கல் படிக்கட்டில் எதிரொலி நன்றாக விழுமாம், அதற்காக வாசற்கதவைத் திறந்துபோட்டு, மைக்கைக் கயிற்றில் கட்டிப் படிக்கட்டு நடுவில் தொங்கவிட்டார்கள். தட்டுக்கான அட்டை உறைகளையும் நம் அடுப்படியில்தான் ஒட்டினார்கள். என் ஓட்ஸ் கஞ்சிச் சட்டியில் பசை காய்ச்சியிருக்கிறார்கள், நான் பாட்டுக்கு உப்புப் போட்டுக் கால்வாசி சாப்பிட்டுவிட்டேன், வழக்கத்தைவிட ருசியாகத்தான் இருந்தது.

அந்தத் தட்டு பிய்த்துக்கொண்டு போகிறது! லண்டன் பத்திரிகைக்காரன் ஒருவன் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்திருக்கிறான். பாட்டைவிட அவனை மயக்கியது மூன்றாவது பாட்டில் வரும் ஒரு ஓசை. 'ஷ்ர்ர்ர்... டங்!' 'ஷ்ர்ர்ர்... டங்!' என்று பாட்டு முழுக்க வருகிறது. நவீன மனிதனின் தனிமை அதில் கேட்கிறதாம். அதைப் பார்த்து லீட்ஸில் ஒரு குழு உப்புத்தாளைத் தேய்க்கிறது, பெல்ஜியத்தில் ஒரு குழு குளிக்கும் தொட்டியை மேடைக்கே தூக்கிப் போய் அடிக்கிறது. நம் தெருவில் மட்டும் மூன்று படிக்கட்டில் மைக் தொங்குகிறது. முகவரிதான் அட்டையிலேயே இருக்கிறதே, தலையைச் சிவப்பாக்கிக்கொண்ட பிள்ளைகள் கதவைத் தட்டி, "அந்தச் சத்தம் எப்படிப் போட்டீங்க தாத்தா?" என்று கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், போட்டவர்களுக்கே தெரியாது. "டேப்பைப் போட்டுக் கேட்டோம், இருந்துச்சுப்பா, நல்லாவும் இருந்துச்சு, விட்டுட்டோம்" என்கிறாள் யூனா.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே, ஒன்று புரியவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. எரிவாயுக் குழாயோ என்று காதை வைத்துக் கேட்டேன். புறாக்களோ என்று பரணில் ஏறினேன், முழங்கால் போனது அப்போதுதான். டிரம் அடிக்கும் ஃபெர்கஸின் செருப்போ என்று அவனை வெறுங்காலோடு உட்கார வைத்து அடிக்கச் சொன்னேன், "ஐயா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்றான். தட்டைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டதில் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, மனப்பாடம் என்றுதான் சொல்கிறேன்.

போன வாரம் காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன், 'ஷ்ர்ர்ர்... டங்!' என்று கேட்கிறது. தட்டோ சுழலவில்லை! கோப்பையைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தால், கீழ்வீட்டுக் கில்கிரிஸ்ட் அம்மாள் மண்டியிட்டு நம் படியைத் தேய்க்கிறார். ஒரு இழுப்பு இழுத்து, வாளியைத் தூக்கி அடுத்த படியில் 'டங்' என்று வைக்கிறார். நம் கதவுப் பிடியில் அந்த அட்டை தொங்குகிறது. உனக்கு நினைவிருக்குமே, வாரத்துக்கு ஒரு வீட்டுக் கதவாக மாறுமே, 'படி கழுவ உங்கள் முறை' அட்டை, நம் அம்மா காலத்தில் ஆடிய அதே கயிற்றில் இன்னும் ஆடுகிறது. முறை எங்களுடையது. நான்தான் ஓசையைத் தேடும் மும்முரத்தில் கழுவவில்லை. பாட்டுப் பதிவு செய்த வாரமும் இதே கதைதானாம்.

"வாளிய ஏம்மா இப்படிப் போட்டு உடைக்கிறீங்க?" என்றேன்.

"உன் காதுல விழட்டும்னுதான்யா! ரோஷம் இருந்தா கதவத் திறப்பேன்னு பார்த்தேன், உள்ள இருந்து பாட்டுல்ல பாடுறீங்க!"

நவீன மனிதனின் தனிமை என்றானே அக்கா, அது கில்கிரிஸ்ட் அம்மாளின் கோபம்!

யூனா குதித்தாள். ஏனென்றால் வியாழக்கிழமை லண்டன் வானொலியிலிருந்து நைஜல் என்பவர் வந்து, இதே படிக்கட்டில் அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்வதாக ஏற்பாடு. நன்றாக வந்தால் ஊர் ஊராகக் கச்சேரி. "சொதப்பிட்டா நானே அந்த ஆபீஸுக்குப் போயிடறேம்ப்பா, சத்தியமா" என்று என் கையில் அடித்தாள். கில்கிரிஸ்ட் அம்மாளிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினோம். அங்கேதான் வினை. வியாழக்கிழமை அவர் தேவாலயத்துக்குப் போகும் தொப்பியோடு வந்து இறங்கினார். லண்டன்காரர் கையைக் குலுக்கினாரா, அம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிரஷ்ஷால் படியைத் தடவிக் கொடுக்கிறார், வாளியை முட்டை வைப்பது போல வைக்கிறார். ஓசையே இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். நைஜல் கடிகாரத்தைப் பார்த்து, "பரவாயில்ல, இன்னொரு சமயம் பார்த்துக்கலாம்" என்று கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது மட்டும்தான். நின்றிருந்தால் அலுவலக வேலை கைக்கு வந்திருக்கும். ஆனால் யூனா கிதாரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள் அக்கா, சின்ன வயசுல அழுகைய அடக்கிக்கிட்டு நிப்பாளே, அதே மாதிரி. விறுவிறுன்னு கொல்லைக்குப் போய் பூட்ஸ் முழுக்கச் சேத்த அப்பிக்கிட்டு வந்து, அந்த அம்மா கழுவின ஈரப் படியில தொம்மு தொம்முன்னு ஏறினேன்.

"ஏய்! கழுவுன படிய்யா அது! ஈரம்கூடக் காயல! கண்ணு பொடனியிலயா இருக்கு உனக்கு? உங்கம்மா இருந்தா காதத் திருகியிருப்பா!"

"படின்னா ஏறத்தானே?" என்றேன், அது வேறு.

'ஷ்ர்ர்ர்... டங்ங்!' யூனா ஒரே தாவலில் கிதாரைத் தட்டினாள், ஃபெர்கஸ் சேர்ந்துகொண்டான், கட்டடமே அதிர்ந்தது. நைஜல் சுருட்டிய கம்பியை அவசரமாக அவிழ்த்துப் பதிவு செய்தார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மேல்படியில் சேற்றுக் காலோடு நின்று முழுப் பாட்டையும் உதட்டுக்குள் பாடினேன், பிடித்துத்தான் இருக்கிறது, போ.

ஆனாலும் பாட்டு சோறு போடாது. கில்கிரிஸ்ட் அம்மாள் என்னோடு பேச்சை நிறுத்தி, அந்த அட்டையை நம் கதவிலேயே ஆணியடித்துவிட்டார். எனவே யூனாவுக்கு மறக்காமல் கறாராக எழுது. அத்தானுக்கு என் அன்பு. உங்கள் வீட்டு அடுப்பும் கணப்பும் அணையாதிருக்கட்டும்.

என்றும் உன் தம்பி,
டூகல்

பி.கு.: கவரை ஒட்டும்போது கில்கிரிஸ்ட் அம்மாள் தொப்பியும் பெட்டியுமாக வந்து நிற்கிறார். "கச்சேரிக்கு மேடையில படிக்கட்டு கட்டித் தர்றாங்களாம், நான் போறேன். ஆனா ஒண்ணு, நீ வராம எனக்குக் கோவம் வராது, சட்டுனு கிளம்பு" என்கிறார். ஆகவே யூனாவுக்கு எதுவும் எழுத வேண்டாம், அவள் வேலைக்கு வரவில்லை என்று காப்பீட்டு அலுவலகத்துக்கு நானே சொல்லிவிடுகிறேன். காலுறை மட்டும் இன்னொரு ஜோடி அனுப்பு, இரண்டும் பெரிதாகவே இருக்கட்டும். ஊர் ஊராகச் சேறு மிதிக்க வேண்டியிருக்கிறது.